"டக்" என்று ஒரே சத்தம், என்ஜின் சுழலவில்லை: ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றுவதற்கு முன்

கேள்வி இதுதான். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஒரு தங்கச்சி, அப்பா பாவித்த கொரோலா 110 காரை ஓட்டுகிறார். காலையில் முதல் திறப்புக்கே எடுக்கிறது. பள்ளி விட்ட பிறகும் எடுக்கிறது. வரும் வழியில் மீன் வாங்கப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால்தான் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், என்ஜின் சுழலாது. ஏழெட்டுத் தரம் திருப்பினால் ஒரு தரம் எடுக்கும். பற்றரி போன வருடம் போட்டது. கராஜில் "மோட்டர் இனிச் சரிவராது, முழுசா மாத்தத்தான் வேணும்" என்கிறார்கள். காசைக் கொட்டுவதற்கு முன் தானும் தம்பியும் வீட்டில் ஏதும் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

பார்க்கலாம் தங்கச்சி, கட்டாயம் பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் காரில் தேய்ந்து போயிருப்பது பெரும்பாலும் மோட்டர் அல்ல, மோட்டருக்குக் கரண்டை விடும் இரண்டு சின்னச் செப்புத் துண்டுகள். ஆனால் என் சொல்லை நம்பி அதையும் வாங்கிவிட வேண்டாம். ஒரு மல்டிமீற்றர் இருந்தால் அளந்தே தெரிந்துகொள்ளலாம். அளக்காமல் மோட்டர் மாற்றுவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். புது மோட்டர் போட்ட பிறகும் அதே "டக்" சத்தத்தோடு வண்டி திரும்பி வருவது உண்டு. பழுது எர்த் வயரிலோ திறப்பு சுவிச்சிலோ இருந்திருக்கும்.

முதலில் அந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டரின் முதுகில் அல்லது பின்பக்கத்தில் சொலனொயிட் என்று ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் திறப்பைத் திருப்பியதும் ஒரு மெல்லிய வயர் வழியாக அதற்குக் கரண்ட் போகும். உள்ளே உள்ள சுருள் ஒரு இரும்புத் தண்டை இழுக்கும். அந்தத் தண்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, சின்னப் பல்லுச் சக்கரத்தைத் தள்ளி என்ஜினின் ஃபிளைவீல் பல்லில் கோர்த்துவிடுவது. மற்றது, தன்னோடு இருக்கும் செப்பு வட்டத்தை இரண்டு செப்புக் கொன்டாக்ட்டுகளில் அழுத்தி, பற்றரியின் தடித்த வயரை மோட்டரோடு சேர்ப்பது. "டக்" கேட்டால் தண்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே திறப்பு சுவிச், அதில் இருந்து வரும் வயர், ஓட்டோ கியர் என்றால் அந்த கியர் சுவிச், எல்லாவற்றுக்கும் ஓரளவு உயிர் இருக்கிறது. அதற்கு அடுத்த படியில்தான் கரண்ட் நிற்கிறது.

சின்ன பெட்ரோல் என்ஜினைச் சுழற்ற நூறு முதல் இருநூறு ஆம்பியர் வரை தேவைப்படும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கொன்டாக்ட்டில் ஒரு பொறி பறந்து கொஞ்சம் செப்பை எரித்துவிடும். வருடக் கணக்கில் எரிந்து செப்பு தாழ்ந்து போனதும், தண்டு முழுத் தூரம் போயும் வட்டம் ஒரு பக்கத்தில் தொடுகிறது, மற்றப் பக்கத்தில் தொடுவதில்லை. அடுத்த தடவை வட்டம் கொஞ்சம் திரும்பி வேறு இடத்தில் படும்போது தொட்டுவிடும். ஏழெட்டுத் தரம் திருப்பினால் ஒரு தரம் எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஓடி வந்து நிறுத்திய உடனே என்ஜின் சூடு மேலே கிளம்பி மோட்டரைச் சுற்றித் தங்கும். காற்றோட்டம் இல்லாததால் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடும். செப்புக் கம்பியின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 30 பாகையில் இருந்து 100 பாகைக்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதற்கேற்பக் கரண்ட் குறைந்து சுருளின் இழுவையும் குறையும். காலையில் எப்படியோ அழுத்திப் பிடித்த தண்டு, மத்தியான வெயிலில் மீன் கடைக்கு முன்னால் அரைமனதாகத்தான் அழுத்தும். பள்ளி வளவில் ஐந்தாறு மணி நேரம் ஆறிக் கிடந்த பிறகு எடுப்பதும் அதனால்தான்.

உங்களுக்கு உள்ளதைத் தவிர வேறு சத்தங்களையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். "டக டக டக" என்று வேகமாக அடித்தால் பற்றரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது; மோட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு சத்தமும் இல்லை, டேஷ்போர்ட் லைட் மட்டும் எரிகிறது என்றால் மெல்லிய வயர் பக்கம் தேடுங்கள்: திறப்பு சுவிச், ரிலே, ஓட்டோ என்றால் கியரை நியூட்ரலில் வைத்துத் திருப்பிப் பார்ப்பது. மோட்டர் "உய்ங்" என்று தனியாகச் சுழன்று என்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் (நான் மேலே சொன்ன சின்னப் பல்லுச் சக்கரமும் அதோடு உள்ள கிளட்சும்) வழுக்குகிறது. பல்லு அரைபடும் சத்தம் என்றால் பெண்டிக்ஸ் பல்லோ ஃபிளைவீல் பல்லோ உடைந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போட்டால் செலவு கியர்பொக்ஸ் இறக்கும் வரை போகும். என்ஜின் எடுத்த பிறகும் மோட்டர் நிற்காமல் சுழன்றால் கொன்டாக்ட் ஒட்டிப் பிடித்துவிட்டது. என்ஜினை நிறுத்தி உடனே பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள், யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்னொன்று, மாரி காலத்துக்கு. வெல்லாவெளி, மண்டூர் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும் நாட்களில் தண்ணிக்குள் நின்றுபோன கார் "டக்" என்று அடித்து அசையாமல் நின்றால், திரும்பத் திரும்ப திறப்பைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணி போயிருக்கலாம். தண்ணி அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொன்ரொட் வளையும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணியை வெளியேற்றிய பிறகுதான் சுழற்ற வேண்டும்.

இனி உங்கள் காருக்கு வருவோம். தொடங்க வேண்டிய இடம் பற்றரி, போன வருடம் போட்டதாக இருந்தாலும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். திறப்பைத் திருப்பி என்ஜின் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. இது சரியென்றால் டெர்மினல்களைப் பாருங்கள். நம் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. ஆரையம்பதி, கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று அந்த வீதி நெடுக உப்புக் காற்றுத்தான். பற்றரித் தலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது பலர் கண்ணில் படும். எர்த் வயர் காரின் பொடியில் (உடம்பில்) சேரும் போல்ட்டுக்குக் கீழே பூத்திருப்பது யார் கண்ணிலும் படாது. பற்றரியில் இருந்து பொடிக்குப் போகும் எர்த்தும், பொடியில் இருந்து என்ஜினுக்கு அல்லது கியர்பொக்ஸுக்குப் போகும் எர்த்தும் இரண்டும் வேண்டும். கழற்றி, சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, காயவைத்து, அரத்தாளால் உலோகம் மினுங்கும் வரை தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். பூசுவது இறுக்கிய பிறகு.

வேலையில் கை வைக்க முன் ஒரு விஷயம். மோட்டருக்கு வரும் தடித்த வயருக்குப் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது. திறப்பு உங்கள் கையில் இருந்தாலும் அதில் எப்போதும் உயிர் உண்டு. ஸ்பானர் ஒன்று அதிலும் என்ஜினிலும் ஒருசேரப் பட்டால் ஸ்பானர் சிவக்கச் சிவக்கச் சூடாகும். காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். எதையாவது கழற்றுவதென்றால் முதலில் பற்றரியின் நெகடிவ்; பூட்டும்போது அது கடைசி. அளக்கும்போது கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கில், ஹேண்ட்பிரேக் இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து. ஜக்கில் மட்டும் தூக்கி வைத்த காருக்குக் கீழே தம்பியைப் போக விடாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் கீழே போகும் வேலையையே விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சொலனொயிட்டில் பற்றரி வயர் வரும் ஆணிக்கும் மெல்லிய வயர் வரும் முனைக்கும் குறுக்கே பாலம் போட்டுப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கியரில் இருக்கும் கார் அப்படித்தான் பாய்ந்து ஆளை ஏற்றுகிறது. மீற்றர் இருக்கும்போது அந்த வித்தைக்குத் தேவையே இல்லை.

சொலனொயிட்டில் மூன்று இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரியின் தடித்த வயர் வந்து நட்டால் இறுக்கியிருக்கும் ஆணி ஒன்று. அதை 30 நம்பர் என்பார்கள். அதேபோல இன்னொரு ஆணியில் இருந்து தடித்த வயர் மோட்டர் உடம்புக்குள்ளே போகும்; அதை மோட்டர் ஆணி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மெல்லிய வயர் வந்து சொருகும் இடம், 50 நம்பர். மீற்றரை 20 வோல்ட் டீசீயில் வையுங்கள். முதலை வாய்க் கிளிப் பூட்டிய நீள வயர்கள் இருந்தால் ஒன்றைப் பற்றரியின் நெகடிவ் தலையிலும் மற்றதை அளக்கும் ஆணியிலும் கவ்வி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கை இருக்கக்கூடாது, காப்புக் கை என்றால் இன்னும் கவனம்.

இந்தச் சோதனையைக் காலையில் செய்தால் பயன் இல்லை, அப்போது கார் நன்றாகத்தானே எடுக்கிறது. ஒரு அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து, பொனட்டைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, "டக்" என்று அடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். பழுது காட்டாத நேரத்தில் எடுத்த எந்த அளவுக்கும் மதிப்பில்லை. கராஜ்களில் இது தவறுவதற்கும் காரணம் இதுதான். விட்டுவிட்டு வரும் காரை அவர்கள் ஆறின பிறகுதான் தொடுகிறார்கள்.

தம்பி திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்க, நீங்கள் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விநாடி போதும். முதலில் 50 நம்பரில் அளவுங்கள். 8 வோல்ட்டோ அதற்கு மேலோ வர வேண்டும். 6, 7 என்று காட்டினால் சொலனொயிட் பாவம், அதற்குச் சாப்பாடு போதவில்லை. திறப்பு சுவிச்சின் உள் கொன்டாக்ட் கரிந்திருக்கும் அல்லது இடையில் ஏதாவது சொக்கெட் பூத்திருக்கும். அதற்கு மருந்து சுவிச் மாற்றுவது, அல்லது ஒரு 12 வோல்ட் ரிலேயை இடையில் போட்டு, பற்றரியில் இருந்து ஃபியூஸோடு நேரே ஒரு வயர் கொடுப்பது. பழைய கார்களுக்கு இந்த ரிலே வேலை நல்ல பலன் தரும். எந்த வயரிங் பாஸும் ஒரு மணித்தியாலத்துக்குள் செய்து தருவார்.

50 நம்பர் சரியென்றால், அதே "டக்" நேரத்தில் 30 நம்பரில் அளவுங்கள். பற்றரியில் உள்ளது அப்படியே, 12 அளவில் இருக்க வேண்டும். இங்கே 5, 6 என்று விழுந்து, பற்றரித் தலையில் மட்டும் 12 இருந்தால் தடித்த வயரோ அதன் நுனியில் உள்ள லக்கோ (ஆணியில் மாட்டும் வளையம்) பழுது. அதற்குப் பிறகு மோட்டர் ஆணி. இங்கேதான் உங்கள் வழக்குக்குத் தீர்ப்பு. 30 நம்பரில் 12 வோல்ட் நிற்க, மோட்டர் ஆணியில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், கரண்ட் கதவு வரை வந்து உள்ளே போகவில்லை. கொன்டாக்ட் தேய்ந்துவிட்டது, சந்தேகமே வேண்டாம். மாறாக மோட்டர் ஆணியிலும் 11, 12 வோல்ட் வந்தும் மோட்டர் சுழலாவிட்டால் பழுது உள்ளே: ஆமேச்சர் (மோட்டருக்குள் சுழலும் பகுதி) அல்லது அதில் உரசிக் கரண்ட் கொடுக்கும் காபன் பிரஷ். ஆனால் காபன் தொடவே இல்லை என்றால் அந்தப் பலமான "டக்" கூடப் பெரும்பாலும் வராது. தண்டை இழுக்கும் பெரிய சுருளின் எர்த் மோட்டருக்குள்ளால்தான் போகிறது. அதனால்தான் நீங்கள் "டக்" என்று எழுதியதும் எனக்குக் கொன்டாக்ட் நினைவு வந்தது.

எர்த் பக்கத்தையும் விடாதீர்கள். பற்றரி நெகடிவ் தலைக்கும் மோட்டரின் உடம்புக்கும் இடையே மீற்றரை வைத்து, என்ஜின் சுழலும்போது பாருங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கெட்டது. பொசிடிவ் பக்கம், பற்றரித் தலையில் இருந்து 30 நம்பர் வரை, 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீற்றரின் முனையை வயரின் கவ்வியில் வைக்காமல் ஈயத் தலையிலேயே வைக்க வேண்டும். கவ்விக்கும் தலைக்கும் இடையே உள்ள பூப்புத்தான் பல நேரம் கள்ளன்.

அளவுகள் கொன்டாக்ட் என்று சொன்னால் மோட்டரை இறக்குங்கள். நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, 50 நம்பர் சொக்கெட்டையும் 30 நம்பர் நட்டையும் எடுத்தால், கியர்பொக்ஸும் என்ஜினும் சேரும் இடத்தில் பெரும்பாலும் இரண்டே போல்ட்தான். நம் உப்புக் காற்றில் அவை இறுகிக் கிடக்கும். முதல் நாள் மாலையே டபிள்யூ.டி.40 அடித்து வைத்துவிட்டு மறுநாள் நல்ல சொக்கெட் ஸ்பானர் போட்டுக் கழற்றுங்கள். மோட்டர் மூன்று நான்கு கிலோ பாரம் இருக்கும், கடைசிப் போல்ட் கழலும்போது ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பெரும்பாலும் வருவது டென்சோ மோட்டர்; அதை உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். சொலனொயிட்டின் பின் மூடியில் மூன்று சின்னப் போல்ட்கள். அவற்றை எடுத்தால் மூடி வரும், தண்டும் ஸ்பிரிங்கும் கையோடு வரும். உள்ளே எட்டிப் பாருங்கள். வலமும் இடமும் ஒவ்வொரு செப்புக் கொன்டாக்ட் நிற்கும். புதிதில் இரண்டும் ஒரே உயரத்தில், தட்டையாக, தடிப்பாக இருக்க வேண்டியவை. தேய்ந்ததில் பற்றரிப் பக்கத்துத் துண்டு, பாவித்துப் பாவித்துக் கரைந்த சவர்க்காரக் கட்டி போல ஒரு பக்கம் மெலிந்து, வட்டம் படும் இடத்தில் ஒரு படி விழுந்து, ஓரத்தில் செப்பு உருகி வழிந்த சின்ன மணிகளோடு இருக்கும். மற்றது அவ்வளவு கெட்டிருக்காது. தண்டில் உள்ள வட்டத்திலும் கறுத்த பள்ளம் தெரியும்.

கொன்டாக்ட்டை அரத்தால் தேய்த்து மினுக்கிப் போட்டுத்தரும் ஆட்கள் உண்டு. அதைச் செய்ய விடாதீர்கள். உயரம் போதாமல்தான் தொடவில்லை. தேய்த்தால் இன்னும் தாழும். இரண்டு மூன்று கிழமைக்கு எடுக்கும், பிறகு பழைய கதைதான். புதுக் கொன்டாக்ட் சோடியாகவே விற்கிறார்கள், தண்டோடு சேர்த்தும் வரும். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பாட்ஸ் கடைகளில் பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். டென்சோவிலேயே கொன்டாக்ட்டின் வடிவம் மோட்டருக்கு மோட்டர் மாறும், கார் மொடலை மட்டும் சொன்னால் மாறித் தந்துவிடுவார்கள். வட்டத்தில் பள்ளம் ஆழமென்றால் தண்டையும் மாற்றுங்கள். புதுத் துண்டில் பழைய பள்ளம் பட்டால் அதுவும் சீக்கிரம் போகும். எப்படிப் பார்த்தாலும் முழு மோட்டரின் விலைக்குக் கிட்டவும் வராது.

பூட்டும்போது, வெளி நட், வாசர், ரப்பர் வளையம், பிளாஸ்டிக் காப்பு எல்லாம் எந்த வரிசையில் வந்தன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் காப்பை விட்டுவிட்டுப் பூட்டினால் 30 நம்பர் நேரே உடம்பில் எர்த் ஆகும், பற்றரி வயர் எரியும். இரண்டு கொன்டாக்ட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மூடியைப் போடுவதற்கு முன் தண்டை உள்ளே வைத்து விரலால் அழுத்தி, மீற்றரைப் "பீப்" சத்தம் போடும் நிலைக்கு மாற்றி இரண்டு ஆணிக்கும் இடையே வைத்தால் சத்தம் வர வேண்டும். அழுத்தத்தை விட்டதும் நிற்க வேண்டும். வட்டத்தில் மார்க்கர் பூசி அழுத்திப் பார்த்தால் இரண்டு பக்கமும் படுகிறதா என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டுத்தான் பலர் இரண்டு தரம் மோட்டர் இறக்குகிறார்கள்.

மோட்டர் கீழே வந்துவிட்டது, காபனையும் பார்த்துவிடுங்கள். பின் மூடியைத் திறந்தால் நான்கு காபன், ஸ்பிரிங் அழுத்தத்தோடு. புதிதில் 13 முதல் 15 மில்லிமீற்றர் வரை நீளம் இருக்கும். 10 மில்லிமீற்றருக்குக் கீழே வந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுவது புத்தி. காபன் தன் கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். என்ஜின் ஒயில் மேலே இருந்து ஒழுகி மோட்டருக்குள் போயிருந்தால் காபன் தூளோடு சேர்ந்து பசையாகி அவை சிக்கும். அப்போது ஒழுக்கை நிறுத்தாமல் மோட்டரைத் திருத்திப் பயனில்லை. காபன் உரசும் செப்பு உருளை கறுத்திருந்தால் 400 நம்பர் மெல்லிய அரத்தாளால் சுற்றித் தேய்த்துத் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் கரண்டைக் கடத்தும். செப்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள வெட்டு ஆழம் புதிதில் 0.6 மில்லிமீற்றர், 0.2 ஆகக் குறைந்திருந்தால் ஆமேச்சரைத் தெரிந்த ஆளிடம் கொடுக்க வேண்டும். பட்டைக்கும் ஆமேச்சரின் இரும்புக்கும் இடையே மீற்றர் சத்தம் வைத்தால் அந்த ஆமேச்சர் முடிந்தது. கராஜில் சொன்ன "முழுசா மாத்தணும்" அப்போதுதான் நியாயம்.

முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டிய தேவை உங்களுக்கு வராது என்று நினைக்கிறேன். பிரித்தால், பெண்டிக்ஸுக்கும் சொலனொயிட் தண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்பு உருண்டை இருக்கும். மணலில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, ஒரு தட்டின் மேலே வைத்துப் பிரியுங்கள். பெண்டிக்ஸைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவ வேண்டாம், உள்ளே பூட்டி வைத்த கிரீஸ் கரைந்துபோய்ச் சில மாதங்களில் வழுக்கத் தொடங்கும். துணியால் துடைத்து, ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் இறுகுகிறதா என்று பார்த்தால் போதும். வெள்ளத்துக்குள் ஓடிய காரென்றால் பெண்டிக்ஸ் முன்னும் பின்னும் ஓடும் தண்டில் துரு ஏறிப் பல்லு முன்னுக்குப் போகாமல் நிற்கும். துருவை எடுத்து, அந்தத் தண்டின் சாய்ந்த வரிகளில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்கள்.

காரில் ஏற்றும் முன் கீழே வைத்தே ஓட்டிப் பாருங்கள். மோட்டரைத் தரையில் போட்டுத் தம்பி காலால் அழுத்திப் பிடிக்கட்டும். செருப்பு அல்ல, சப்பாத்துப் போட்ட காலால். தொடங்கும்போது அது துள்ளும். ஜம்ப் வயரில் நெகடிவ்வை மோட்டரின் உடம்பில், பொசிடிவ்வை 30 நம்பரில் கவ்வி, 30இல் இருந்து 50க்கு ஒரு சிறு வயரால் தொட்டால் பல்லு வெளியே பாய்ந்து மோட்டர் சீராகச் சுழல வேண்டும். மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் விட்டு விட்டுத் தொடுவதோ கரகரப்போ இருந்தால் மறுபடி திறக்க வேண்டும்.

ஏற்றும்போது மோட்டர் கியர்பொக்ஸில் உட்காரும் முகத்தைத் துருவும் பெயின்டும் இல்லாமல் துடைத்து வையுங்கள், மோட்டரின் எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான். 30 நம்பர் நட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். உள்ளே ஆணி சுற்றினால் நீங்கள் மட்டம் பார்த்து வைத்த கொன்டாக்ட்டும் சேர்ந்து சுற்றிவிடும். அதன் ரப்பர் தொப்பியை மறக்காமல் போடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து பழைய கார்களை நம்பித்தான் நம் சனம் ஓடியது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகும் புது வாகனம் எல்லோருக்கும் எட்டுகிற விலையில் இல்லை. பழைய காரின் நல்ல மோட்டர் ஒன்றை, இரண்டு செப்புத் துண்டுக்காகக் கழற்றி எறிவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த டென்சோ மோட்டருக்குப் பதிலாகக் கையில் வருவது பெரும்பாலும் பேர் தெரியாத ஒரு புது மோட்டர், உழைப்பில் பழையதற்குக் கிட்டவும் வராது.

ஆமேச்சரே போய்விட்டது என்று உறுதியானால், நான் பேர் தெரியாத புதியதைவிடப் பாவித்த ஜப்பான் மோட்டரைத்தான் எடுப்பேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்துத் தரும் கடைகள் இங்கே உண்டு. வாங்கும் இடத்திலேயே பற்றரியில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெண்டிக்ஸில் பல்லு எத்தனை என்று உங்கள் பழையதோடு எண்ணிப் பாருங்கள். ஒரு பல்லு மாறினாலும் ஃபிளைவீலைத் தின்றுவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதன் கொன்டாக்ட்டையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இதே பழுதை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி. பிரியஸ், அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட்டுகளில் இந்த மாதிரி ஸ்டார்ட்டர் மோட்டரே கிடையாது. பெரிய ஹைபிரிட் பற்றரியில் ஓடும் மோட்டர்தான் என்ஜினைச் சுழற்றும். அவற்றில் டேஷ்போர்ட்டில் "ரெடி" லைட் வராவிட்டால் முதலில் சின்ன 12 வோல்ட் பற்றரியை அளவுங்கள், செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். டொல்பின் போன்ற டீசல் வான்களுக்கு நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பொருந்தும், ஆனால் மோட்டர் இழுக்கும் கரண்ட் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். எர்த் வயரில் உள்ள சின்னப் பூப்பும் அங்கே பெரிய பழுதாகத் தெரியும்.

அளந்து முடியும் வரை, தங்கச்சி, மீன் கடைக்கு முன்னால் "டக்" என்று நின்றால் தொடர்ந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு தடவைக்கும் இடையே அரை நிமிடம் விடுங்கள், பொனட்டைத் திறந்து காற்றுப் படவிட்டால் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் எடுக்கும். மோட்டரைச் சுத்தியலால் தட்டி எழுப்பச் சொல்வார்கள். மரத்துண்டால் மெதுவாகத் தட்டினால் போதும், சில மோட்டர்களில் உள்ளே காந்தம் ஒட்டியிருக்கும், பலமாக அடித்தால் அது உடையும். மெனுவல் கியர் என்றால் இரண்டாவது கியரில் தள்ளி எடுக்கலாம். ஓட்டோவைத் தள்ளி எடுக்க முடியாது. 50 நம்பர், 30 நம்பர், மோட்டர் ஆணி, மூன்றிலும் வந்த வோல்ட்டையும் கியர் மெனுவலா ஓட்டோவா என்பதையும் எழுதி அனுப்புங்கள். கொன்டாக்ட்டின் படமும் இருந்தால் எந்த வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.